விழும் பக்கம் திருப்பு

சைக்கிள் வந்து இறங்கிய மாலையில் எங்கள் தெருவில் இரண்டு கேள்விகள் எழுந்தன. முதலாவது: "மகனுக்கா?" எனக்கு மகன் இல்லை. எனக்கேதான் என்று தெரிந்ததும் இரண்டாவது: "டாக்டர் சொன்னாரா?" 46 வயதுப் பெண் ஒருத்தி சைக்கிள் வாங்கினால் வீட்டில் ஒரு பையன் இருக்க வேண்டும், அல்லது ரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றபோது எதிர்வீட்டுக்காரர் சற்று ஏமாற்றத்துடன் உள்ளே போனார்.

இன்னொரு விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவள் நான். மிதிவண்டி, ஈருருளி, இலங்கைத் தமிழர்கள் சொல்லும் துவிச்சக்கர வண்டி என்று அந்தச் சாதனத்துக்கு மூன்று பெயர்கள் தெரியும். எது நல்ல தமிழ் என்று அரை மணி நேரம் வாதாடவும் முடியும். மொழிபெயர்ப்பு வேலையில் கியரையும் பெடலையும் எத்தனையோ தடவை தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் பெடலில் கால் வைத்ததில்லை. சரியாகச் சொன்னால், 12 வயதில் ஒரே ஒரு தடவை வைத்தேன். அதன் விளைவு என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பத்தியில் வழக்கமாகப் புத்தகங்களைப் பற்றியும் சொற்களைப் பற்றியும்தான் எழுதுகிறேன். இந்த முறை முழங்காலைப் பற்றி.

எனக்கு ஆசிரியையாக வாய்த்தவள் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்பு மாணவி. திருவனந்தபுரத்துப் பெண். என் மலையாளத்தைத் திருத்துவது போலவே என் சைக்கிளையும் திருத்த ஒப்புக்கொண்டாள். முதல் வேலையாகப் பெடல் இரண்டையும் கழற்றச் சொன்னாள். வலது பெடல் சுலபமாக வந்தது. இடது பெடலை அதே போலத் திருக, அது மேலும் மேலும் இறுகியது. கால் மணி நேரம் போராடி, கட்டைவிரல் தோலை இழந்த பிறகு சைக்கிள் கடைப் பையன் சொன்னான்: இடது பெடலின் மரை தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும். மிதிக்க மிதிக்கக் கழன்று விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. எனக்கு நேர்ந்த முதல் விபத்து, சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே நடந்தது.

பெடல் இல்லாத சைக்கிளில் உட்கார்ந்து, சீட்டைத் தாழ்த்தி, இரண்டு கால்களாலும் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். நாலு வயதுக் குழந்தைகளுக்கு இப்போது இப்படித்தான் சொல்லித் தருகிறார்களாம். பள்ளி மைதானத்தில் வாத்து போல நகர்ந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. சைக்கிளின் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய மர வண்டியில் பெடல் கிடையாது. இரண்டு சக்கரம், ஒரு கைப்பிடி, தரையை உந்த இரண்டு கால்கள். பாரீஸில் முன்சக்கரத்தில் பெடல் வைத்தது 1860களில். செயின் பின்சக்கரத்தைச் சுழற்ற, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, இன்று நாம் பார்க்கும் உருவத்தை இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்தது 1885இல். பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குகிறதே என்று காற்றடித்த டயரைச் செய்து காப்புரிமை பெற்றது 1888இல். மனித குலம் 70 ஆண்டுகளில் கடந்த தூரத்தை நான் மூன்று வாரங்களில் கடக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள், காலைத் தரையில் வைக்காமல் 20 அடி போனேன். ஒன்பதாம் நாள் மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. அன்று பெடலை மாட்டினோம். மாட்டியதும் மறுபடி எல்லாம் மறந்துபோனது.

"தாழே நோக்கண்டா ஆன்ட்டி, நேரே நோக்கூ" என்று மாணவி, இல்லை ஆசிரியை, கத்திக்கொண்டே கூட ஓடி வருவாள். கீழே பார்க்காதே, நேரே பார். பார்க்கும் இடத்துக்குத்தான் வண்டி போகும் என்பது சைக்கிளின் விதி. கல்லைப் பார்த்து, கல்லைத் தவிர்க்க வேண்டும் என்று நினைத்தால் கல்லின் மேல்தான் ஏறுவோம். மைதானத்தில் ஒரே ஒரு வேப்பமரம் இருந்தது. நான்கு பக்கமும் காலி. மூன்று தடவை அந்த மரத்தில் போய் மோதினேன்.

இன்னொரு விதியும் உண்டு. அது புத்திக்கு நேர் எதிரானது. இடது பக்கம் சாய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயந்த மனம் ஹாண்டில்பாரை வலது பக்கம் இழுக்கச் சொல்லும். இழுத்தால் விழுந்தோம். எந்தப் பக்கம் விழப் போகிறோமோ அந்தப் பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் சாய்ந்த உடலுக்கு அடியில் வந்து அதைத் தாங்கிக்கொள்ளும். சைக்கிள் ஏன் விழுவதில்லை என்பதற்குச் சுழலும் சக்கரத்தின் விசைதான் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க விஞ்ஞானிகள் அந்த விசையை ரத்து செய்யும் ஒரு சைக்கிளைச் செய்து ஆளில்லாமல் தள்ளிவிட்டார்கள். அதுவும் விழாமல் ஓடியது. 'சயன்ஸ்' இதழில் வந்த அவர்கள் கட்டுரையின்படி, இதற்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் சாயும் பக்கமே முன்சக்கரம் தானாகத் திரும்பும்படி வண்டி அமைந்திருப்பது முக்கியமான அம்சம். ஆளில்லாத சைக்கிளுக்குத் தெரிந்த இந்த விஷயம் எனக்கு 46 வயதில்தான் தெரிய வந்தது.

இந்த வயதில் கற்றுக்கொண்டவர்களைத் தேடிப் பார்த்தேன். நல்ல துணை இருக்கிறது. அமெரிக்காவில் மதுவிலக்குப் போராட்டத்தின் தலைவியாக இருந்த ஃபிரான்சஸ் வில்லர்ட் 53 வயதில் சைக்கிள் பழகினார். நாளுக்குக் கால் மணி நேரம் வீதம் சுமார் மூன்று மாதம். வண்டிக்கு கிளாடிஸ் என்று பெயரே வைத்து, 1895இல் அந்த அனுபவத்தைச் சிறு புத்தகமாகவும் எழுதினார். அதே 1895இல் மாஸ்கோவில் 66 வயது லியோ டால்ஸ்டாய் சைக்கிள் கற்றுக்கொண்டிருந்தார். சில வாரங்களுக்கு முன்புதான் அவருடைய கடைசி மகன், ஏழு வயது நிறையாத குழந்தை, இறந்திருந்தான். அந்த வயதில், அந்தத் துக்கத்தில் சைக்கிள் எதற்கு என்று ஊரில் கேட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் கேட்டது போல.

சாலைக்கு வந்த பிறகு நடந்த விபத்துகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பழகுபவர்களுக்கு உதவும். முதலில் துப்பட்டா. பின்சக்கரத்தின் போக்ஸ் கம்பிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. மெதுவாகப் போனதால் கழுத்து தப்பியது, துப்பட்டா தப்பவில்லை. அன்றிலிருந்து அது பையில். அடுத்து செயின். ஏற்றத்தில் நின்றபடி முக்கி மிதித்துக்கொண்டே கியரை மாற்றினால் செயின் கழன்றுவிடும். மாற்றும் நொடியில் காலின் அழுத்தத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது கைநிறையக் கிரீஸ் பூசிக்கொண்ட பிறகு தெரிந்தது.

பிறகு பிரேக். வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் திடீரென்று அழுத்தினால், அதுவும் திரும்பும்போது அழுத்தினால், வண்டி நிற்கும், நாம் நிற்க மாட்டோம். பேரூர்க்கடையில் ஒரு நாய் குறுக்கே வந்தபோது இதைத் தெரிந்துகொண்டேன். முழங்காலில் நான்கு தையல். நாய் நின்று பார்த்துவிட்டுப் போனது.

பஞ்சரும் ஆனது. டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்த கடைக்காரர் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொத்தல்களைக் காட்டினார். பாம்புக்கடி போல. ஆணி குத்தினால் ஒரு பொத்தல்தான் இருக்கும். இரண்டு என்றால் காற்று குறைவாக இருந்து, குழியில் இறங்கியபோது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. குற்றவாளி சாலையில் இல்லை, காற்றடிக்கச் சோம்பல்பட்ட என்னிடம் இருந்தது. வாரம் ஒரு முறை காற்று பார்க்கச் சொன்னார். பார்க்கிறேன்.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நெடுமங்காடு வரை போனேன். நகரத்திலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர். சந்தை வாசலில் டீ குடித்துக்கொண்டு விதுரா என்று எழுதிய பஸ்ஸைப் பார்த்தபோது, எதற்காக இந்தச் சைக்கிளை வாங்கினேன் என்பது எனக்கே பிடிபட்டது. அந்தச் சாலையின் கடைசியில் போனக்காடு இருக்கிறது.

போனக்காடு நான் பிறந்த இடம். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், விதுரா பஞ்சாயத்தில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். கேரளத்தில் இருந்துகொண்டு வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் பேசி வளர்ந்ததுதான் பிற்பாடு எனக்குச் சோறு போட்டது. இன்று யூடியூபில் போனக்காடு என்று தேடினால் பாழடைந்த பங்களாவும் அதில் உலவும் ஆவியும்தான் வரும். எனக்குத் தெரிந்த போனக்காட்டில் ஆவிகள் இல்லை. லயங்கள் இருந்தன. ஓட்டுக்கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், கொழுந்துக் கூடைகள், தொழிற்சாலைச் சங்கு.

எங்கள் லயத்தில் ஒரே ஒரு சைக்கிள் இருந்தது. என் அண்ணனுடையது. என்னைவிட மூன்று வயது மூத்தவன். பழைய கறுப்பு வண்டி. காலையில் கேரியரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு மேல் லயத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே பால் ஊற்றுவான். திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வருவான். அந்தக் காசில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நோட்டுப் புத்தகம்.

பெண் பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள்தான் எங்கள் ஊர்களில் பலமானவை. 1991இல், எனக்கு 12 வயதில், ஒரு சாயங்காலம் யாரும் இல்லாத சமயம் பார்த்து அதை எடுத்தேன். பாவாடையைச் செருகிக்கொண்டு, பாருக்கு அடியில் காலை நுழைத்து, குரங்குப் பெடல். 2024இல் வந்த ஒரு திரைப்படத்துக்கு அதுவே தலைப்பு. ஒரு தலைமுறையே அப்படித்தான் சைக்கிள் கற்றுக்கொண்டது. அந்தத் தலைமுறையில் பெண்கள் குறைவு.

பத்து அடி மிதித்தேன். பிறகு மிதிக்கத் தேவைப்படவில்லை. இறக்கம் எடுத்துக்கொண்டது. வளைவைத் தாண்டி ஓடைப் பாலத்தின் கட்டைச் சுவரில் போய் முடிந்தது. எனக்கு நெற்றியில் ஒரு தழும்பு. சைக்கிளின் முன்சக்கரம் எட்டு போட்டது போல வளைந்துவிட்டது.

அடுத்த சில வாரங்களில் சைக்கிள் வீட்டில் இல்லை. பால் ஊற்றுவதும் நின்றது. அடுத்த வருஷம் அண்ணன் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டான். நான் தொடர்ந்து படித்தேன். பட்டம் வாங்கினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கணக்கு அன்றே தீர்ந்திருக்கும்.

நான் விழுந்த அதே காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பாடம் நடத்தப் பெண்கள் கிராமம் கிராமமாகப் போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் முடியாது. ஆகவே சைக்கிள் பழகு. கல்குவாரிகளில் உழைத்தவர்கள், விவசாயக் கூலிகள், நர்ஸுகள், ஆசிரியைகள் என்று எல்லோரும் பழகினார்கள். அதற்கென்று பாட்டுகள் கட்டிப் பாடினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996இல் வந்த தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சைக்கிள் பழகிய கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறார். 1992இல் ஒரே வாரத்தில் 70,000க்கும் அதிகமான பெண்கள் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்களாம்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த தகவல் வேறு. பெண்கள் பலர் ஆண்கள் ஓட்டும், பார் வைத்த சைக்கிளையே கேட்டு வாங்கினார்கள். பாரின் மேல் குழந்தையை உட்காரவைக்கலாம். கேரியரில் தண்ணீர்க் குடம். முன்பு பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் இரண்டு ஊர் கூடுதலாகப் போய்க் காய்கறி விற்கலாம். எங்கள் லயத்தில் ஆண்பிள்ளைச் சைக்கிள் என்று பெயர் வாங்கிய அந்தப் பார், புதுக்கோட்டையில் தொட்டிலுக்குப் பதிலாகிவிட்டது. ஏச்சும் பேச்சும் அங்கேயும் இருந்தன. ஆனால் ஒருத்தி ஓட்டினால் கேலி செய்யலாம். ஊரே ஓட்டினால் யாரைக் கேலி செய்வது?

யாழ்ப்பாணத்தில் இந்த விவாதமே எழவில்லை. அங்கே பெண்கள் துவிச்சக்கர வண்டியில் பள்ளிக்கும் சந்தைக்கும் போவது வெகுகாலமாகச் சகஜம். 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாதபோது, சைக்கிள்தான் அந்த ஊரையே சுமந்தது.

தமிழ்நாட்டில் 2001-02இல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு இலவசச் சைக்கிள் தரத் தொடங்கியது. பிறகு அது மற்ற மாணவ, மாணவியருக்கும் விரிந்தது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்புச் சிறுமிகளுக்குத் திட்டம் கொண்டுவந்தது. இலவசம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அந்தத் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் ஆகிய பொருளாதார அறிஞர்களின் கட்டுரையைப் படிக்கலாம். உயர்நிலைப் பள்ளியில் சேரும் சிறுமிகளின் அளவு 32 சதவீதம் உயர்ந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். அதாவது சிறுமிகளைத் தடுத்ததில் ஊர் வழக்கத்துக்கு மட்டுமல்ல, தூரத்துக்கும் பங்கு உண்டு. 2020 மே மாதம் ஊரடங்கில் பீகார் சிறுமி ஒருத்தி, காயம்பட்ட தகப்பனாரைக் கேரியரில் உட்காரவைத்து, குருகிராமிலிருந்து தர்பங்காவுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவளைச் சாதனைப் பெண் என்று நாடு பாராட்டியது. ஒரு சிறுமி ஏன் அதைச் செய்ய நேர்ந்தது என்ற கேள்வி பாராட்டில் அமுங்கிவிட்டது.

போனக்காட்டுக்குத் திரும்புகிறேன். அண்ணன் இப்போது விதுராவில் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறான். தோட்டத் தொழிற்சாலை ஓடி வருஷங்கள் ஆகின்றன. சம்பள பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் தொழிலாளர்கள் காத்திருந்த கதை மலையாளப் பத்திரிகைகளில் வந்து பழசாகிவிட்டது. லயங்களில் போக இடமில்லாதவர்கள் மிஞ்சியிருக்கிறார்கள். ஏற்றத்தில் மிதிக்கும் சக்தி எனக்கு இல்லை. என் லட்சியமும் ஏறுவது அல்ல. சைக்கிளை அவன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். காணித்தடம் வனத்துறைச் சாவடியில் பெயர் எழுதிக்கொண்டார்கள். "சைக்கிள் யாருக்கு?" என்று காவலர் கேட்டார். "தங்கச்சிக்கு" என்றான் அண்ணன். அவர் என் தலைமுடியின் நரையைப் பார்த்தார். பிறகு, யானை நிற்கும், ஐந்து மணிக்கு முன்னால் இறங்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அகத்தியர்கூடம் ஏறுபவர்கள் போனக்காட்டிலிருந்துதான் புறப்படுவார்கள். 1,868 மீட்டர். அங்கேயும் பெண்களுக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்க, 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அதிகாரியான தன்யா சனல் முதல் பெண்ணாக அனுமதிச் சீட்டோடு உச்சிக்குப் போய் வந்தார். மலையைத் தெய்வமாகக் கருதும் காணிக்காரர்கள் அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள், வழிமறிக்கவில்லை. என் உச்சி அவ்வளவு உயரமில்லை. தொழிற்சாலைக்குக் கீழே ஒரு வளைவு, அதை அடுத்து ஒரு ஓடைப் பாலம்.

மேல் லயத்து வாசலில் சைக்கிளை இறக்கினோம். இரவு பெய்த மழையில் சாலை ஈரமாக இருந்தது. ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்கச் சற்று தாமதமாகும், முன்கூட்டியே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட இறக்கத்தில் விடாமல் அழுத்தினால் ரிம் சூடாகும், விட்டு விட்டு அழுத்த வேண்டும். வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. எல்லாவற்றையும் பரீட்சைக்குப் போகிறவள் போல மனசுக்குள் ஒப்பித்தேன். பின்னால் அண்ணன் ஆட்டோவை முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்தான்.

வளைவு நினைவில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. கட்டைச் சுவரைப் பார்க்கக் கூடாது, நேரே நோக்கூ ஆன்ட்டி. பார்க்கவில்லை. சாலை எங்கே போகிறதோ அங்கே பார்த்தேன். வண்டி அங்கே போனது. பாலத்தைத் தாண்டி ஒரு காலை ஊன்றி நின்றபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. 34 வருஷம்.

அண்ணன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். அந்த இடத்தில் கேட்காவிட்டால் எங்கேயும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது. கேட்டேன்.

"என்னாலதானே அண்ணே உன் படிப்பு போச்சு?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான்.

"அந்த வண்டிக்குப் பிரேக்கே கெடயாதே. கட்டை தேஞ்சு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. நான் முன்வீல்ல செருப்ப வச்சு அமுக்கித்தான் நிறுத்துவேன். ஒன் கால்ல அன்னிக்கு செருப்பு இருந்திச்சா?"

இல்லை.

"பெறகு எப்படி நிக்கும்?" என்றான். "வீலுக்குக் கோட்டம் எடுத்துக்கிட்டு அப்பா வந்துட்டாரே. ஒனக்கு ஞாபகமில்ல. அம்மைக்கு ஆபரேசன் வந்துச்சு, அதுக்குத்தான் வித்தாரு. பசுவும் அப்ப கறவ நின்னு போச்சு. பள்ளிக்கூடம்னா, எனக்குக் கணக்கு வரல. சைக்கிளுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?"

என் நினைவில் இருந்த கதை ஒன்று. அவன் சொன்னது வேறொன்று. மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் வராமல் இல்லை. மூலத்தில் கடுமையாக இருக்கும் வாக்கியத்தை, படிக்கிறவர் மனம் நோகாமல் இருக்கச் சற்று மென்மையாக்குவது எங்கள் தொழிலில் நடக்கும். அண்ணன் சொன்னது நடந்ததா, அவனுடைய மொழிபெயர்ப்பா என்று ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இப்போது இல்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஆனால் பிரேக் விஷயம் உண்மை. அது யோசித்துச் சொன்ன பதில் இல்லை. சிரிப்போடு சேர்ந்து வந்தது.

34 வருஷமாக நான் சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவே ஹாண்டில்பாரை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு தடவை அந்தப் பக்கமே திருப்பியிருந்தால், ஒரு கேள்வி கேட்டிருந்தால், நிமிர்ந்திருக்கலாம்.

"கொண்டா, பாப்பம்" என்று அண்ணன் சைக்கிளை வாங்கினான். கியர் எப்படி, பிரேக் எப்படி என்று காட்டப் போனேன். தெரியும் தெரியும் என்று காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டான். 49 வயது, கொஞ்சம் தொப்பை. சட்டை பின்னால் காற்றில் உப்ப, இறக்கத்தில் அடுத்த வளைவை நோக்கிப் போனான். எட்டிப் பார்த்தேன். ஹாண்டில்பாரில் பளபளவென்று இரண்டு பிரேக் இருக்க, அவனுடைய வலது கால் பெடலை விட்டு இறங்கி, செருப்போடு முன்சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தது.